எங்கே நிறுத்துவது?
மலையகச் சைக்கிள் சுற்றுலா நிரலொன்றைப் பிரதியாக வாசித்தல்

பயண நிறுவனம் அச்சிட்டுக் கொடுக்கும் நிரலை இலக்கிய விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி. அதிலும் ஒரு சொல்லி இருக்கிறான். அவன் சிலவற்றைக் காட்டுகிறான், சிலவற்றைத் தாண்டிப் போகிறான், சிலருக்குப் பெயர் கொடுக்கிறான், சிலருக்குச் சிரிப்பை மட்டும் கொடுக்கிறான். கதை செய்கிற வேலையும் இதுதான். என்.எஸ்.எம். ராமையாவின் கதைகளைப் படித்தவர்களை விட, தெளிவத்தை ஜோசப்பைப் படித்தவர்களை விட, இந்த நிரல்கள் வழியே எங்கள் மலைகளைப் 'படித்தவர்கள்' அதிகம். அப்படியிருக்க அதை விமர்சகன் தொடாமல் விடுவது நியாயமில்லை.

என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த ஒருவன் இப்போது ஹற்றன், நுவரெலியாப் பக்கம் வெளிநாட்டவரைச் சைக்கிளில் கூட்டிப்போகும் வழிகாட்டி. ஒரே நிறுவனம் வெளியிட்ட இரண்டு நிரல்களை அவன்தான் கொண்டுவந்து தந்தான். ஒன்று இத்தாலியின் டஸ்கனி நாட்டுப்புறத்துக்கு, மற்றது எங்கள் தேயிலை நாட்டுக்கு. இரண்டும் ஏழு நாள். இரண்டிலும் காலையில் சைக்கிள், பகலில் சாப்பாடு, இடையிடையே 'கலை, பண்பாட்டுத் தரிப்புகள்'. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இந்த வகை நிரல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒருவரைப் பிடித்து அடிப்பதால் ஆவது ஒன்றுமில்லை.

முதலில் இத்தாலி நிரல். அதில் சைக்கிள்காரர்கள் அரெஸ்ஸோ நகரில் இறங்குகிறார்கள். புனித பிரான்சிஸ் தேவாலயத்துச் சுவரில் பியரோ டெல்லா பிரான்செஸ்கா பதினைந்தாம் நூற்றாண்டில் தீட்டிய சிலுவைக் கதைச் சித்திரங்களைப் பார்க்கிறார்கள். அடுத்து மொன்தெர்கி என்ற சிற்றூர். அங்கே அதே ஓவியனின் கர்ப்பிணி மரியாள். பிறகு அவன் பிறந்த சான்செபொல்குரோ. அங்கே 'உயிர்த்தெழுதல்'. மூன்று ஊர்கள், ஒரு மனிதனின் கை. எங்கள் மார்க்கத்தில் உருவச் சித்திரத்துக்கு இடமில்லை என்பது வேறு விஷயம். நான் கவனித்தது நிரலின் ஒழுங்கை. ஊருக்கு ஒரு கலைஞன், அவனுக்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு வீடு. ஊரும் பெயரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

சான்செபொல்குரோ பற்றி ஒரு செய்தி உண்டு. இலக்கியம் படிப்பிக்கிற எல்லோரும் அதை அறிந்திருக்க வேண்டும். 1925இல் ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி தன் பயணக் கட்டுரை நூலொன்றில், உலகத்திலேயே மிகச் சிறந்த சித்திரம் இந்த ஊரில்தான் இருக்கிறது என்று எழுதிவைத்தார். கொஞ்சம் மிகைதான். 1944இல் டோனி கிளார்க் என்ற பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி அந்த ஊரின் மேல் குண்டு பொழியத் தொடங்கியிருந்தார். ஊரின் பெயரை எங்கே கேட்டோம் என்று யோசித்தவருக்கு ஹக்ஸ்லியின் கட்டுரை ஞாபகம் வந்தது. நிறுத்தினார். ஊர் தப்பியது. விமர்சனக் கட்டுரையால் என்ன பிரயோசனம் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. ஒரு ஊரைப் பற்றி யாராவது எழுதியிருக்க வேண்டும். எழுதியதை இன்னொருவர் படித்திருக்கவும் வேண்டும்.

இனி எங்கள் நிரல். கண்டியில் தொடங்குகிறது. பெருந்தோட்டத்துப் பழைய பாதைகள் வழியே லூல்கந்துர, புஸ்ஸல்லாவை, றம்பொடை, நுவரெலியா, தலவாக்கலை, ஹற்றன், நோர்வூட் என்று போகிறது. ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாக அமைந்த 'பீக்கோ டிரெயில்' என்ற நடைபாதை வந்த பிறகு இந்தப் பாதைகள் உலகப் படத்தில் ஏறிவிட்டன. நல்லதுதான். சைக்கிளில் வருவது ஏசி பஸ்ஸில் வருவதை விட எவ்வளவோ மேல். மலையேற்றத்தில் மூச்சுவாங்க நிற்கிறவனுக்குக் கொழுந்து மலையின் சரிவு காலில் தெரியும். அந்தச் சரிவில் கூடையோடு நிற்பவளைப் பற்றி ஒரு கணம் யோசிக்க அவனால் முடியும். யோசிக்க நிரல் இடம் கொடுத்தால்.

நிரலில் பெயரோடு வருபவர்கள் மூன்று பேர். ஜேம்ஸ் டெய்லர், தோமஸ் லிப்டன், பிறகு பங்களா ஒன்றைக் கட்டிய ஒரு துரை. கொழுந்து எடுக்கும் பெண்கள் நான்கு இடங்களில் வருகிறார்கள். நான்கிலும் சிரிக்கிறார்கள். 'வண்ணச் சேலை' இரண்டு தரம். படத்தில் ஒருத்தியின் முகம் அரைப் பக்கத்துக்கு இருக்கிறது. கீழே தேயிலையின் தரத்தின் பெயர் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. பெயரடைகளை எண்ணிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இந்த நிரலில் அதிகம் வருவது 'காலத்தால் மாறாத' என்பது. காலத்தால் மாறாத மலைகள், காலத்தால் மாறாத கிராமங்கள், காலத்தால் மாறாத தொழில்.

எது மாறவில்லை? 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் விழுந்தது. சில வருடங்களில் கோப்பி நாடு அழிந்து தேயிலை நாடு எழுந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று இரண்டு அரசாங்கங்கள் மனிதரை நிறுத்துப் பிரித்தன. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமை. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு லயத்தில் யாரோ அழுதிருக்கிறார்கள், யாரோ மூட்டை கட்டியிருக்கிறார்கள். இத்தனையும் நடந்த மண்ணை 'காலத்தால் மாறாதது' என்று எழுதுவதற்குப் பெரிய எழுத்தாற்றல் வேண்டும்! பார்க்கிறவனுக்கு அமைதி தேவைப்படுகிறது. அதனால் காலம் வெட்டப்பட்டுவிட்டது. கவ்வாத்து வெட்டின மலை தூரத்திலிருந்து சீராகத்தான் தெரியும்.

தரிப்புகளுக்கு வருகிறேன். இரண்டாம் நாள் லூல்கந்துர. 1867இல் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம். அவருடைய குடிலின் எச்சமும் அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் கல்லாசனமும் அங்கே உண்டு. ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒதுக்கட்டும். ஆனால் கலஹாவிலிருந்து லூல்கந்துரவுக்குப் போகிற வழியில் தெல்தோட்டை இருக்கிறது. தெல்தோட்டை போப்பிட்டியில் 1866இல், அதாவது டெய்லரின் தேயிலைக்கு ஒரு வருடம் முந்தி, அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் பிறந்தார். கண்டிக் கலம்பகம், கண்டி நகர்ப் பதிகம், சந்தத் திருப்புகழ் பாடியவர். மலைநாட்டை மரபுத் தமிழின் யாப்புக்குள் கொண்டுவந்த முஸ்லிம் புலவர். கலம்பகம் என்றால் பல பாவும் பல உறுப்பும் கலந்த மாலை. ஒரு நகரத்தை ஒரே பக்கமிருந்து பார்த்து அதைக் கட்ட முடியாது. அந்தப் புலவரின் ஊரை, சைக்கிள்காரர்கள் தண்ணீர்ப் போத்தல் நிரப்பக்கூட நிற்காமல் தாண்டிப் போகிறார்கள். இத்தாலி நிரலை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. அங்கே ஓவியன் பிறந்த ஊரைத் தேடிப் பிடித்த கைக்கு இங்கே புலவன் பிறந்த ஊர் அகப்படவில்லை.

நான்காம் நாள் தலவாக்கலைப் பக்கம். சென்கிளேயர், டெவன் நீர்வீழ்ச்சிகளுக்குப் படம் எடுக்கும் தரிப்பு. வட்டகொடைக்கு அருகே மடக்கொம்பரைத் தோட்டம் இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்த இடம். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்திலேயே நெடுங்கவிதை எழுதியவர். அது பின்னால் சக்தீ பால ஐயாவின் கையால் தமிழில் 'தேயிலைத் தோட்டத்திலே' ஆயிற்று. சி.வி.யின் விஷயத்தில் மொழி தெரியாது என்ற சாட்டும் செல்லாது. வருகிறவர்கள் படிக்கிற மொழியிலேயே இந்த மண்ணின் கவிதை இருக்கிறது. சைக்கிள் பையில் வைத்துக்கொண்டு, மடக்கொம்பரைக்குப் போகும் வளைவில் நின்று இரண்டு பக்கம் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பிறகு படுக்கை. இந்த இடத்தில்தான் இரண்டு நிரல்களும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கின்றன. டஸ்கனியில் விருந்தாளிகள் தங்கும் கல்வீடுகள் பலவும் ஒரு காலத்தில் குடியானவர் வீடுகள். விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு, பாதி உழுகிறவனுக்கு என்ற வாரமுறை அங்கே நூற்றாண்டுகளாக இருந்தது. 1964இல் புதிய வார ஒப்பந்தங்களை இத்தாலியச் சட்டம் தடுத்தது. குடியானவர்கள் நகரங்களுக்குப் போனார்கள். வெறுமையான வீடுகளைத் திருத்தி விருந்தாளிகளை ஏற்றார்கள். 1985இல் பண்ணைச் சுற்றுலாவுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதற்குள்ளும் சோகம் இருக்கிறது. ஆனாலும் அங்கே சுற்றுலாவின் கூரை உழுதவனின் கூரை.

இங்கே? காசல்ரீ, நோர்வூட் பகுதிகளில் துரை பங்களாக்கள் 2005 முதல் ஆடம்பர விடுதிகளாகிவிட்டன. கந்தப்பளையில் ஹெதர்செட் இஸ்டோர் 1996இலேயே ஹோட்டலாகிவிட்டது. துரையின் கூரை விடுதியாயிற்று, இயந்திரத்தின் கூரை விடுதியாயிற்று. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவின் தகரக் கூரை மட்டும் லயமாகவே இருக்கிறது. அதில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். லயத்தையும் விடுதியாக்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அல்லாஹ் பாதுகாக்க வேண்டும்! விருந்தாளி எந்த யன்னலிலிருந்து மலையைப் பார்க்கிறானோ அந்த யன்னல்தான் அவன் வாசிக்கும் பிரதியைத் தீர்மானிக்கிறது என்பதே என் பேச்சு. பங்களா எப்போதும் மேட்டில் இருக்கும். பார்வைக்காகத்தான் அதை அங்கே கட்டினார்கள். பெரட்டுக்களமும் லயமும் கண்ணில் படுகிற மாதிரி.

வழிகாட்டித் தம்பியிடம் இதைப் பற்றிக் கதைத்தேன். அவன் சொன்னது எனக்கு நிரலை விடப் பெரிய பிரதியாகப் பட்டது.

"அவங்கள குத்தஞ் சொல்லேலாது சேர். வாறவங்க நல்லாத்தான் கேள்வி கேக்குறாங்க. ஒரு அம்மா, டீச்சரா இருந்து பென்சன் எடுத்தவங்க, இந்த மலைய பத்தி யாரு கதை எழுதியிருக்காங்கனு கேட்டாங்க. நா லிப்டன் கதைய சொல்லிட்டு இருந்தேன். அவங்க கேட்டது அது இல்லனு எனக்கு அப்பவே வெளங்கிருச்சு."

'ஒரு கூடைக் கொழுந்து' படித்திருக்கிறாய்தானே என்றேன். "படிச்சேன் சேர். ஆனா அது பரீட்சைக்கு. ரோட்டுல வச்சு சொல்லலாம்னு யாரும் சொல்லலையே" என்றான்.

பாடப் புத்தகத்தில் இருக்கிற பெயர் மலைப்பாதையில் வாய்க்கு வருவதில்லை. ராமையாவின் அந்தக் கதையில் கூடையின் நிறையே கதையாகிறது. தராசுக்கு முன்னால் ஒரு பெண்ணின் கௌரவம் நிற்கிறது. அதைச் சொல்ல நிறுவைக் கொட்டிலை விடப் பொருத்தமான தரிப்பு உலகத்தில் எங்கே இருக்கிறது? சைக்கிள்கள் அந்தக் கொட்டிலைத் தினமும் தாண்டுகின்றன. நிரலில் அதற்குப் பெயர் 'படம் எடுக்க உகந்த இடம்'.

நமது வாசகர்களுக்கு வேறொரு பயண நூலை இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். 1344இல் இப்னு பதூதா இந்த மலைக்கு வந்தார். மாலைதீவிலிருந்து புறப்பட்ட கப்பல் புத்தளத்தில் ஒதுங்க, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, ஆதம் மலைக்குப் போக வழி கேட்டார். மன்னன் கொடுத்த ஏற்பாட்டை அவர் தன் ரிஹ்லாவில் எண்ணிச் சொல்கிறார்: பல்லக்கு, அதைத் தூக்க அடிமைகள், நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பரிவாரத்தில் பத்துப் பேர், சாமான் தூக்கப் பதினைந்து பேர். மலைநாட்டுக்கு வந்த வழிகாட்டிப் பயணங்களில் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. அவரை நான் புனிதராக்க வரவில்லை. அடிமைகளைப் பற்றி அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆனால் தன்னைத் தூக்கிச் சென்றவர்களையும் கூட வந்தவர்களையும் அவர் கணக்கில் எழுதினார். அட்டையைப் பற்றி எழுதினார், அதை விழுத்த எலுமிச்சம்புளி பிழிவார்கள் என்பதையும் எழுதினார். நமது நிரலில் அட்டை இல்லை. மழைக்காலத்தில் இந்தப் பாதைகளில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இருட்டடிப்பு என்று தெரியும்.

மலைக்கு இரண்டு வழி உண்டு என்கிறார் அவர். ஆதம் நபி பேரில் 'பாபா' வழி, ஹவ்வா பேரில் 'மாமா' வழி. மாமா வழி இலகுவானது. திரும்பி வருகிறவர்களுக்கு அது சரி. அந்த வழியாகவே ஏறிப்போனவன் தரிசித்தவனாகக் கருதப்பட மாட்டான் என்று அந்நாளில் ஒரு கொள்கை இருந்ததாம். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் நிரல் முழுக்க மாமா வழி.

இதற்கு மருந்து என்ன? சிலர் சொல்கிறார்கள், காமன் கூத்தை நிரலில் சேர்க்கலாம், பொன்னர் சங்கரையும் அர்ச்சுனன் தபசையும் விடுதி முற்றத்தில் அரை மணித்தியாலம் ஆடிக் காட்டலாம் என்று. எனக்கு உடன்பாடில்லை. காமன் கூத்து மாசி மாதத்துக்குரியது. காமனை ஊன்றுவதிலிருந்து எரிப்பது வரை நாள்கணக்கில் தோட்டமே அதற்குள் இருக்கும். அதை அரை மணித்தியாலத்தில் நறுக்கினால் வண்ணச் சேலைப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வண்ணப் படம்தான் மிஞ்சும். பியரோவின் சுவர்ச் சித்திரத்தை யாரும் பெயர்த்து விடுதிக்குக் கொண்டுவருவதில்லை. பார்க்கிறவன் சுவரிடம் போகிறான். மாசியில் வருகிறவன் இரவில் தோட்டத்துக்குப் போய், ஊராரின் அனுமதியோடு ஓரமாக உட்கார்ந்து, குளிரில் நடுங்கிப் பார்க்கட்டும். மற்ற மாதங்களில் வருகிறவனுக்கு அது கிடைக்காது. கிடைக்காது என்று நிரலில் எழுதுவதும் ஒரு நேர்மைதான்.

சேர்க்க வேண்டியவை வேறு. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை ஒரு நடைபயணம் நடந்தது. கோப்பிக் காலத்தில் கூலிக்கு வந்தவர்கள் காட்டில் விழுந்து விழுந்து வந்த வழி அது. அந்தப் பயணத்திலும் தரிப்புகள் இருந்தன. அங்கே நின்றவர்கள் செத்தவர்களை நினைத்தார்கள், கோரிக்கைகளை வாசித்தார்கள். ஒரே மலைநாட்டுக்கு இரண்டு பயணங்கள். அவற்றுக்கிடையே ஒரு பாதை வெட்டப்பட வேண்டியிருக்கிறது.

அந்தப் பாதையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. இந்த இதழில் இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான். தோட்டத்துக்குள் வெளியாள் போவது அத்துமீறல் என்று பிடிக்கப்பட்ட காலத்தில், கோ. நடேசய்யர் முதன்முதல் தோட்டங்களைப் பார்க்கப் போனது புடவை வியாபாரி வேடத்தில். ஏன் அந்த வேடம்? புடவைக்காரனுக்கும் சில்லறைச் சாமான்காரனுக்கும் மட்டும்தான் லயத்துப் படிவரை போக வழி இருந்தது. அந்த வழியில் நடந்தவர்களில் நம்மவர்களும் ஏராளம். பின்னால் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் கடை போட்டார்கள். சம்பள நாளில் பற்றுக் கொப்பியைத் திறந்தார்கள். இதில் பெருமையும் இருக்கிறது, கூச்சமும் இருக்கிறது. பசிக்குக் கடன் கொடுத்த கையும் வட்டமாக எழுதிய கையும் சில இடங்களில் ஒரே கைதான். அல் அஸூமத் 'அறுவடைக் கனவுகள்' எழுதினார். பண்ணாமத்துக் கவிராயர் மாத்தளையிலிருந்து கவிதை எழுதினார். ஆனால் கடை முகப்புக்கு இந்தப் பக்கமிருந்து தோட்டத்தைப் பார்த்த எழுத்து நம்மிடம் சொற்பம். நமது ஆய்வுகள் கரையோரப் பட்டினங்களில் நின்றுவிடுகின்றன. சித்திலெப்பையைச் சொல்லிக் கண்டிவரை ஏறுகின்றன. அதற்கு மேல் மூச்சுவாங்குகிறது.

பற்றுக் கொப்பிகள் இன்னும் சில வீடுகளில் பரணில் கிடக்கின்றன. கொழுந்துப் பெண்ணின் பெயர், அவள் இருந்த லயம், அந்த மாதம் அவள் வாங்கிய மா எத்தனை இறாத்தல், தீபாவளிக்கு எடுத்த சீத்தை எத்தனை யார் எல்லாம் அவற்றில் இருக்கிறது. நிரல் தராத பெயர்கள். நம் வாப்பாமார் மையால் எழுதி வைத்தவை. எரிப்பதற்கு முன் யாராவது ஒருவர் எண்ணிப் பார்த்துப் பிரதி எடுக்க வேண்டும். இந்த இதழின் வாசகர்களிடம் நான் கேட்பது அந்த வேலையைத்தான்.

வழிகாட்டித் தம்பி இப்போது நிறுவனத்தின் நிரலுக்குப் பின்னால் தன் கையெழுத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். போப்பிட்டி, ஐந்து நிமிசம். மடக்கொம்பரை வளைவு, பத்து நிமிசம், சி.வி. கவிதை வாசிக்க. நிறுவைக் கொட்டில், வேலை நடக்கும் நேரம் போகக் கூடாது, படம் எடுக்கக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஹற்றனில் நடேசய்யர், மீனாட்சி அம்மாள் இருவரையும் சொல்ல வேண்டும், அம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடினதையும். கடைசியில் பென்சிலால் 'கடை கொப்பி?' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறான். எந்தக் கடை என்று கேட்டேன். "ஒங்க ஆக்கள்ட கடைதான் சேர், நீங்கதான் கேட்டுத் தரணும்" என்றான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஒரு நானாவிடம் கேட்டிருக்கிறேன். கொப்பிகள் இருக்கின்றன, ஈரத்தில் ஒட்டிப்போயிருக்கின்றன, வெயில் வந்ததும் காயவைத்துப் பிரித்துப் பார்ப்போம் என்றிருக்கிறார்.